மூன்றாம் பெட்டி

என்னிடம் ஆயிரத்து நானூற்றுப் பதினொரு கோச்சிகள் இருக்கின்றன.
ஆட்கள் இல்லை.
ஆள் விலகும்வரை நின்றுதான் அமத்துவேன்.
குடை பிடித்தவர், கடலை விற்பவர்,
கொடி காட்டுகிற மனிதர்கூட
சட்டத்துக்கு வெளியே போகவேண்டும்.
எஞ்சின், இலக்கம், புகை, வெளிச்சம்.
போதும்.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் ஆய்வுகூட வேலை.
லென்சில் எப்போதும் ஒரு மெல்லிய மாவு.
அறுபத்தெட்டில் வாங்கிய யாசிக்காவில்
முதலில் சீமெந்து வாகன்கள்,
பிறகு மெயில், பிறகு யாழ்தேவி,
பிறகு லீவு போட்டுவிட்டுப்
பொல்காவலை, நானுஓயா, மாத்தறை, மட்டக்களப்பு.
தண்டவாளம் போன இடமெல்லாம் போன மனிசன்
ஒரு கோயிலும் பார்க்கவில்லை என்று
இரத்தினாவதி இன்றைக்கும் ஆட்களுக்குச் சொல்லுவாள்.

கனடா தந்த எஞ்சின் ஒன்றில்
ஒன்ராறியோ என்று எழுதியிருந்தது.
யாரோ ஒரு பொம்பிளையின் பெயராக்கும் என்றிருந்தேன்.
இப்போது எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர்
அங்கேதான் பனி வழிக்கிறார்கள்.

எண்பத்தைந்தில் அநுராதபுரத்தில் பிடித்தார்கள்.
கொப்பியில் கிடந்த எஞ்சின் இலக்கங்களைச்
சங்கேதம் என்று நினைத்துவிட்டான்
சீருடைக்குள் இருந்த ஒரு சின்னப் பெடியன்.
ஏன் கோச்சியைப் படம் பிடிக்கிறாய்?
அதற்கான மறுமொழி
தமிழிலும் என்னிடம் இருக்கவில்லை.
பிலிமை உருவி வெயிலில் பிடித்தான்.
முப்பத்தாறு கோச்சிகள்
ஒரே நேரத்தில் பகலுக்குள் போயின.

தொண்ணூறு ஆனியோடு எல்லாம் நின்றது.
தண்டவாளம் பங்கருக்குக் கூரை.
சிலிப்பர் கட்டை அதற்குச் சுவர்.
பிலிமுக்குத் தடை, பற்றரிக்குத் தடை.
வெறும் கமராவோடு கொக்குவில் கடவைக்குப் போய்
மெயில் நேரத்துக்கு ஒருதரம்
அமத்திவிட்டு வருவேன்.
உள்ளே ஒன்றுமில்லை,
முன்னாலும் ஒன்றுமில்லை.
இவ்வளவு துல்லியமாக நான் ஒருநாளும் எடுத்ததில்லை.

நெகற்றிவ்கள் ஆறு ஹோர்லிக்ஸ் போத்தல்களில் இருந்தன,
ஈரம் குடிக்க அடியில் அரிசி போட்டு.
தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி நடந்த மழையில்
நாவற்குழிப் பாலம் தாண்டி அவற்றைச் சுமந்தேன்.
கொடிகாமத்தில் மூன்றாம் நாள்
இரத்தினாவதி ஒன்றும் பேசாமல்
போத்தல்களைக் கவிழ்த்து
அந்த அரிசியில் கஞ்சி வைத்தாள்.
வினாகிரி மணத்தது.
குடித்தோம்.
அதன் பிறகுதான் கோச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கின.
என் கணக்கு, ஒட்டாமல் மிஞ்சியவற்றின் கணக்கு.

பதினான்கில் திரும்பவும் வந்தது.
வாழைமரம், மேளம், கைபேசிகள்.
ஒருவரும் விலகவில்லை.
என் படத்தில் எஞ்சினைக் காணோம், கைகள்தான்.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மாசியில் மல்லாகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்.
சுகிர்தவல்லி என்று பெயர்.
"எண்பத்துநாலு, மாசி பதினேழு.
சுன்னாகத்திலை நான்தான் மெயிலிலை ஏத்திவிட்டனான்.
மூண்டாம் பெட்டி, சன்னல் கரை.
தம்பி கொழும்புக்குப் போய்ச் சேரேல்லை."

கொப்பியைப் புரட்டினேன்.
அன்றைக்கு நான் கோண்டாவில் வளைவில்.
பொழுதுபடுகிற வெளிச்சம், லென்சை முழுக்கத் திறந்திருக்கிறேன்.
உருப்பெருக்கியை வைத்துக் கொடுத்தேன்.
எஞ்சின் பளிச்சென்று இருந்தது,
இலக்கம் வாசிக்கலாம்.
மூன்றாம் பெட்டியில் ஏழு சன்னல்,
ஆறு கறுப்பு,
ஒன்றில் ஒரு முழங்கை.
நான் விலகச் சொல்ல முடியாத இடத்தில் இருந்த ஒருவர்.
மணிக்கட்டில் மினுங்குவது மணிக்கூடாக இருக்கலாம்.
நெகற்றிவில் விழுந்த கீறலாகவும் இருக்கலாம்.

அவன்தான் என்று அவர் சொல்லவில்லை.
இல்லை என்றும் சொல்லவில்லை.
ஒரு பிரதி கேட்டார்.
பெரிதாக்கிக் கொடுத்தேன்.
கனநேரம் பார்த்திருந்துவிட்டு,
"எஞ்சின் எனக்கு வேண்டாம்,
அதை வெட்டிவிடுங்கோ" என்றார்.

கத்தரிக்கோல் எடுத்து வந்தவள் இரத்தினாவதி.
வெட்டியது நான்.

அவர் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
பஸ்சில் போனார்.

மீதி மேசையில் கிடக்கிறது,
ஒன்றையும் இழுக்காத எஞ்சின்.
நான் திரும்பவும் அறுபத்தெட்டிலிருந்து பார்த்து வருகிறேன்,
ஓரங்களை மட்டும்.
இரண்டு கிழமையில்
கொடி காட்டுகிறவரின்
ஒரு சப்பாத்து கிடைத்திருக்கிறது.